முதலைத் தொடாத காசு: சமூக நிதியத்திடம் உதவி கேட்கும் கொழும்பு மக்களின் கேள்விகளும் பதில்களும்

கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, கிராண்ட்பாஸ், வெள்ளவத்தை என்று கொழும்பின் பல பக்கங்களிலிருந்தும் சனிக்கிழமை காலையில் கையில் ஒரு ஃபைலோடு ஆட்கள் வருவார்கள். சிறிய நம்பிக்கை நிதியம் ஒன்றுக்கு வரும் விண்ணப்பங்களை வாசிக்கும் குழுவில் சில வருடங்களாக இருக்கிறேன். கஷ்டம் ஆளுக்கு ஆள் வேறு. கேட்கும் கேள்விகள் மட்டும் அநேகமாக ஒன்றேதான். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே கீழே தந்திருக்கிறேன். ஒவ்வொரு நிதியத்துக்கும் தனித்தனி விதிகள் உண்டென்றாலும், இங்கே உள்ளவை பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும்.

நம்பிக்கை நிதியம் என்றால் என்ன? கோயில் உண்டியலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

உண்டியலில் விழும் காசு செலவழிப்பதற்கானது. நிதியத்தில் போடும் காசு செலவழிப்பதற்கானது அல்ல, வைத்திருப்பதற்கானது. அது ஈட்டித் தரும் வட்டியைத்தான் செலவழிக்கலாம்.

இதை நம் ஆட்கள் ஆயிரம் வருடத்துக்கு முன்பே செய்திருக்கிறார்கள். கோயிலில் அணையாத ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டுமென்று நினைத்தவர் நெய்க் குடத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. ஆடுகளைக் கொடுத்தார். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடு. அந்த மந்தையை இடையர்கள் பொறுப்பேற்று, நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழட்டு ஆடு செத்தால் குட்டி அதன் இடத்தை நிரப்பும், எண்ணிக்கை குறையாது. அதனால் அவற்றுக்குப் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’: சாகாத, மூப்படையாத ஆடு.

நிதியத்தில் போட்டு வைத்த காசான முதல்தான் அந்த மந்தை, வட்டி நெய். உங்களுக்குத் தருவது நெய்யிலிருந்துதான். பசிக்கிறதென்று ஆட்டை அறுத்தால் அன்றைக்கு விருந்து, மறுநாள் விளக்கு இல்லை.

“உங்களிடம் ஒரு கோடி இருக்கிறதாமே. எனக்கு இரண்டு இலட்சம் தர ஏன் இவ்வளவு யோசனை?”

அதிகம் கேட்கப்படுவது இதுதான். கொஞ்சம் கோபத்தோடு கேட்பார்கள். கோபம் நியாயம், கணக்குத்தான் வேறு.

ஒரு கோடி ரூபாயை 8 சதவீத வட்டிக்குப் போட்டிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 8 இலட்சம். வரிவிலக்கு இல்லாத நிதியமென்றால் வங்கியிலேயே 10 சதவீதம் வரி பிடிப்பார்கள் (2025 ஏப்ரல் வரை இது 5 சதவீதமாக இருந்தது). மிச்சம் 7 இலட்சத்து 20 ஆயிரம். விலைவாசி ஏறுவதை ஈடுகட்ட 3 இலட்சத்தை முதலோடு சேர்க்கிறோம். கணக்காய்வாளர், தபால், போட்டோக்கொப்பி, அலுவலக வாடகை என்று 50 ஆயிரம் போனால், கொடுப்பதற்கு மிஞ்சுவது 3 இலட்சத்து 70 ஆயிரம்.

ஆளுக்கு 25 ஆயிரம் வீதம் கொடுத்தால் வருடத்தில் 14 பேர். உங்களுக்கு இரண்டு இலட்சம் தந்தால் அதில் எட்டுப் பேர் போய்விடுவார்கள். அந்த எட்டுப் பேரும் அதே வரிசையில் உங்களுக்குப் பின்னால் கதிரையில் உட்கார்ந்திருப்பவர்கள்தான்.

சரி, வருகிற வட்டியை முழுவதுமாகக் கொடுத்தால் என்ன? அந்த 3 இலட்சம் யாருக்கு?

நீங்கள் படித்த பாடசாலையின் பரிசளிப்பு விழாவை நினைத்துப் பாருங்கள். ‘இன்னார் ஞாபகார்த்தப் பரிசு’ என்று பெயர் வாசிப்பார்கள். எப்போதோ ஒரு குடும்பம் 5,000 ரூபா வங்கியில் போட்டு, வட்டியில் வருடாவருடம் கணிதத்தில் முதலாம் பிள்ளைக்குப் பரிசு கொடுங்கள் என்று சொல்லியிருக்கும். அந்தக் காலத்தில் அது நல்ல காசு. இன்றைக்கு 8 சதவீதத்தில் அதன் வட்டி 400 ரூபா. பரிசுக்கு வாங்கும் புத்தகத்துக்கு அதிபர் தன் கையிலிருந்து போடுகிறார், இல்லாவிட்டால் பழைய மாணவர் சங்கம் போடுகிறது. வட்டியை வருடாவருடம் முழுதாகச் செலவழித்ததுதான் காரணம். எண்ணிக்கையில் முதல் அப்படியே இருக்கிறது, பெறுமதியில் கரைந்துவிட்டது.

2022 ஐ மறந்திருக்க மாட்டீர்கள். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அந்த செப்டெம்பரில் ஒரு வருடத்துக்குள் விலைவாசி 69.8 சதவீதம் ஏறியிருந்தது. உணவுப் பொருட்கள் மட்டும் 94.9 சதவீதம். வருடத் தொடக்கத்தில் 25 ஆயிரத்துக்கு வாங்கக்கூடியதை வருடக் கடைசியில் அந்தக் காசுக்கு வாங்க முடியவில்லை. திறைசேரி உண்டியல் (அரசாங்கத்துக்குக் கொடுக்கும் குறுகிய காலக் கடன்) வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியதும் அந்த வருடத்தில்தான். அந்த வட்டியைப் பார்த்து ‘இந்த வருடம் அள்ளிக் கொடுக்கலாம்’ என்று நினைத்த குழுக்களும் இருந்தன. 30 வட்டி வந்தாலும் விலைவாசி 60, 70 என்று ஓடும்போது மந்தை மெலிந்துகொண்டுதான் இருந்தது.

விலைவாசி இறங்கும் வருடத்தில் இந்த ஒதுக்கீட்டைக் குறைக்கலாம், கூட்டத்தில் பேசித்தான். 2024 கடைசியில் விலைச் சுட்டெண் கொஞ்சம் கீழே போனபோது அப்படி ஒரு வாதம் நடந்தது. நான் ஒதுக்கீட்டைக் குறைக்கச் சொன்ன பக்கம். தோற்றோம்.

அந்த முதலை எங்கே போட்டு வைப்பார்கள்?

நிலையான வைப்பு, திறைசேரி உண்டியல், நீண்ட காலக் கடனான திறைசேரி முறி. பெரிய நிதியங்கள் பங்குச் சந்தையிலும் கொஞ்சம் போடும். வட்டி கூடத் தருகிறேன் என்று வருகிறவரைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். 2008 கடைசியில் பெரிய பெயரோடு வைப்புப் பெற்றுவந்த ஒரு கடனட்டைக் கம்பனி சரிந்தபோது கொழும்பில் எத்தனை பேரின் ஓய்வுகாலக் காசு போனது என்று வயதானவர்களைக் கேட்டால் தெரியும். மத்திய வங்கியின் அனுமதி இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. அனுமதி இருந்தாலும், ஒரு நிறுவனத்தில் ஒரு வைப்பாளருக்குக் காப்புறுதி 11 இலட்சம் ரூபா வரைதான். ஆகவே எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போடக் கூடாது.

குழுவில் இருப்பவரின் கடைக்கு, மருமகனின் வியாபாரத்துக்கு என்று நிதியத்தின் காசைக் கைமாற்றுக் கொடுப்பது நடக்கவே கூடாத விஷயம். ‘ஒரு மாதத்துக்குத்தான்’ என்று ஆரம்பிக்கும்.

“கொழும்பில் இருபது வருடமாக இருக்கிறேன். வாக்காளர் பட்டியலில் பெயர் ஊரில்தான். எனக்குத் தருவீர்களா?”

தமிழர்களிடம் மட்டும் இந்தக் கேள்வி இவ்வளவு வருவதற்குக் காரணம் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ வந்து அனெக்ஸில் வாடகைக்கு இருப்பவர் பதிவை ஊரிலேயே விட்டுவிடுவார். சில வீட்டுக்காரர்கள் வாடகைக்கு எழுத்தில் எதுவுமே கொடுக்க மாட்டார்கள். கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில், தண்ணீர் பில்லும் அவர் பெயரில். இருபது வருடம் வாழ்ந்தும் கடதாசியில் ஆள் கொழும்பில் இல்லை.

பெரும்பாலான நிதியங்கள் தம்மை அமைத்த பத்திரத்தில் ‘இந்த எல்லைக்குள் வசிப்பவர்’ என்றுதான் எழுதியிருக்கும், ‘வாக்காளர்’ என்று இராது. ஆகவே வசிப்பதைக் காட்டினால் போதும். கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழ் இருந்தால் பேச்சே இல்லை. அது கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். பிள்ளையின் பாடசாலை அதிபரின் கடிதம், அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக் கொப்பியில் உள்ள விலாசம், வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு கடிதம், அந்த விலாசத்துக்கு வந்த வங்கிக் கடிதம் என்று இரண்டு மூன்றைச் சேர்த்துத் தாருங்கள். ஒருவர் தன் மகளின் தடுப்பூசி அட்டையைக் கொண்டுவந்தார். பிறந்த நாளிலிருந்து ஒன்பது வருடத்துக்கும் அதே தாதியின் கையெழுத்து, அதே வட்டாரத்தின் முத்திரை. அதைவிட நல்ல வதிவிடச் சான்றிதழ் எனக்குத் தெரியாது.

இன்னொன்று: கிராம சேவகரிடம் போகும்போது நிதியத்தின் பெயரைச் சொல்லி, எதற்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ‘பொதுத் தேவைக்கு’ என்று வாங்கிய சான்றிதழைச் சில இடங்களில் ஏற்கமாட்டார்கள். சான்றிதழில் பிரதேச செயலகத்தின் மேலொப்பமும் வேண்டுமா என்பதை நிதியத்திடம் முதலிலேயே கேட்டால் ஒரு நாள் லீவு மிச்சம்.

எதற்கெல்லாம் உதவி கிடைக்கும்?

படிப்பு, வைத்தியம், தொழில், வீட்டுத் திருத்தம், திடீர் ஆபத்து என்று பத்திரத்தில் பொதுவாக இருக்கும். சொல்லுக்கும் நடப்புக்கும் இடைவெளி உண்டு. ஆகவே நடப்பைச் சொல்கிறேன்.

பல்கலைக்கழகப் படிப்பு இலவசம். மகன் மட்டக்குளியிலிருந்து பேராதனைக்கோ வந்தாறுமூலைக்கோ போனால் போர்டிங் வாடகைக்கு இரண்டு மாத அட்வான்ஸ், மெத்தை, பஸ் காசு, லப்டொப் என்று முதல் மாதத்திலேயே செலவு வந்து நிற்கும். மஹாபொல புலமைப்பரிசில் வருவதற்குள் அந்த மாதம் முடிந்துவிடும். ஒரு சிறிய நிதியம் சரியாகப் பயன்படுவது அந்த இடைவெளியில்தான். ஒரே ஒரு தடவை 25 ஆயிரம், நாலு வருடப் படிப்பைக் காப்பாற்றும்.

டியூசன் காசு கேட்டு வரும் விண்ணப்பத்தில் எங்கள் குழு இரண்டாகப் பிரியும். பாடசாலை இருக்கும்போது டியூசனுக்கு ஏன் தர்மக்காசு என்பார் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் அவர். ஏ.எல். பிள்ளை வைத்திருக்கும் யாரையாவது கேளுங்கள் என்பேன் நான். கடைசியில், பரீட்சை எழுதும் வருடத்துக்கு மட்டும், இரண்டு பாடத்துக்கு மட்டும் என்று ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். இருவருக்கும் திருப்தியில்லை.

வைத்தியமும் அப்படித்தான். கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையிலும் சிகிச்சைக்குக் காசு இல்லை. ஸ்கேனுக்கு நீண்ட நாள் காத்திருக்க முடியாமல் வெளியில் எடுப்பது, வெளியில் செய்யச் சொல்லும் ஒரு இரத்தப் பரிசோதனை, வாரம் மூன்று தடவை டயலிசிஸுக்குப் போய்வர ஓட்டோக் காசு என்று அதைச் சுற்றிய செலவுதான் குடும்பத்தைச் சாய்க்கிறது. சத்திரசிகிச்சைக்குப் பல இலட்சம் வேண்டுமென்றால் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லி, அந்தப் படிவத்தை நிரப்ப உதவி செய்வோம். போய்வரும் செலவை நாங்கள் பார்ப்போம். ஜனாதிபதி நிதியம் 1978 இல் சட்டம் போட்டு அமைத்தது, அதன் கை எங்கள் கையைவிட நீளம்.

வெள்ளம் பற்றி ஒரு வார்த்தை. 2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கமெல்லாம் தண்ணீர் ஏறியபோது முதல் வாரம் சோற்றுப் பார்சல் குவிந்தது. கொழும்பு மக்கள் கொடுப்பதில் குறைவைக்கவில்லை. ஆறாவது வாரம் போய்ப் பார்த்தால் சுவரில் இடுப்புயரத்துக்குச் சேற்றுக் கோடு, நனைந்து ஊதிப்போன அலுமாரி, கொப்பி இல்லாத பிள்ளைகள். அப்போது யாரும் இல்லை. சிறிய நிதியம் முதல் வாரத்தில் ஓடாமல் ஆறாவது வாரத்தில் போக வேண்டும் என்பது என் கட்சி.

எதற்குக் கிடைக்காது?

கல்யாணச் செலவு, சாமத்திய வீடு, வெளிநாடு போக ஏஜன்சிக் காசு, அடகு மீட்பது, வட்டிக்காரருக்குக் கொடுக்க வேண்டிய காசு. கடைசியானதைக் கேட்டு வருகிறவரைத் திருப்பி அனுப்புவது கஷ்டமாகத்தான் இருக்கும். அந்தக் காசு வட்டிக்காரரின் கையில்தான் போய் விழும். கடன் வாங்க வைத்த காரணம் மருந்தோ வாடகையோ என்றால், அந்தக் காரணத்துக்கு இனி வரப்போகும் செலவைக் கேளுங்கள். அதைத் தர முடியும்.

விண்ணப்பக் கடிதத்தை எப்படி எழுதுவது?

வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும்: “மிகவும் வறுமைக் கோட்டின் கீழ் வாழும் எனது குடும்ப நிலையைக் கருத்திற் கொண்டு தங்களால் இயன்ற உதவியைச் செய்து தருமாறு தாழ்மையுடன் கேட்டுக் கொள்கிறேன்.” முன்னால் ஒரு முழுப் பக்கம் கண்ணீர். வாசித்து முடித்தால் மனம் கனக்கும். எதற்கு, எவ்வளவு, யாருக்கு என்பது மட்டும் தெரியாது. இயன்ற உதவி என்றால் எவ்வளவு என்று குழு எப்படி முடிவெடுக்கும்?

ஒரு தாய் கொப்பியிலிருந்து கிழித்த ஒற்றையில் எழுதியது இது. விவரத்தைக் கொஞ்சம் மாற்றித் தருகிறேன்: “நான் கிராண்ட்பாஸில் இருக்கிறேன். புறக்கோட்டைக் கடைக்குப் பாடசாலைச் சட்டை தைத்துக் கொடுக்கிறேன். ஓவர்லொக் மெஷின் மோட்டர் எரிந்துவிட்டது. இப்போது ஓரம் அடிக்க வெளியில் கொடுக்கிறேன், ஒரு சட்டைக்கு 30 ரூபா போகிறது. பாவித்த மெஷின் ஒன்று 48,000 ரூபா, கொட்டேஷன் இணைத்திருக்கிறேன். 15,000 என்னிடம் இருக்கிறது. ஜனவரிக்கு முன் கிடைத்தால் பாடசாலை தொடங்கும் நேரத்து வேலையைப் பிடிப்பேன்.”

வறுமை என்ற சொல் இதில் ஓரிடத்திலும் இல்லை. யார், என்ன வேலை, எது உடைந்தது, எவ்வளவு குறைகிறது, எப்போது வேண்டும் என்று எல்லாம் இருக்கிறது. குழுவில் பத்து நிமிடம்கூடப் பேசவில்லை. ஒரு உறுப்பினர் மட்டும் “வீட்டில் ப்ளக் பொயின்ட் எத்தனை, அக்கா?” என்று ஃபோனில் கேட்டார். ஒன்றுதான் இருந்தது, அதில் ரைஸ் குக்கர். வயரிங் செய்ய இன்னும் 4,000 சேர்த்து 37,000 கொடுத்தோம். பழைய மோட்டர் ஏன் எரிந்தது என்று அப்போதுதான் அவருக்கும் புரிந்தது.

தமிழில் எழுதலாமா?

தாராளமாக. எழுத வராவிட்டால் வந்து சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்வோம். கடைத்தெருவில் காசு கொடுத்து ஆங்கிலத்தில் டைப் அடித்து வர வேண்டாம். அந்த ஆங்கிலக் கடிதங்களில் உங்கள் பெயரைத் தவிர மற்ற எல்லாம் போன வாரம் வந்தவரின் கடிதத்தில் இருந்ததுதான்.

ஏன் காசைக் கையில் தராமல் கடைக்குச் செக் எழுதுகிறீர்கள்? எங்களை நம்பவில்லையா?

நம்பாமல் இல்லை. வீட்டில் கையில் 33,000 இருக்கிறது என்று தெரிந்தால் அதற்கு ஆயிரம் கை நீளும். வாடகை, மச்சானின் அவசரம், கடைக் கடன். மெஷினாக வந்தால் யாரும் கேட்க முடியாது. உதவி பெற்ற பெண்கள் சிலரே “கையில் தராதீர்கள், ஐயா” என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருப்பதை நாங்கள் துருவிக் கேட்பதில்லை.

ஓட்டோக் காசு, மருந்து போன்றவற்றை உங்கள் வங்கிக் கணக்குக்கே போடுவோம். பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்து தந்தால் போதும். கணக்காய்வாளர் கேட்பார்.

திருப்பித் தர வேண்டுமா?

வேண்டாம். இது மானியம், கடன் அல்ல. நாலு வருடம் கழித்து வேலை கிடைத்ததும் 5,000 ரூபாயோடு வந்து நிற்கும் பிள்ளைகள் உண்டு. வாங்கி முதலோடு சேர்ப்போம், ரசீது கொடுப்போம்.

“ஆளைத் தெரிந்தால்தான் கிடைக்குமாமே?”

இல்லையென்று ஒரே அடியாகச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். நம்பவும் கூடாது. கொழும்புத் தமிழர் சின்ன உலகம். கமிட்டியில் ஏழு பேர் இருந்தால் வருகிற விண்ணப்பத்தில் யாராவது ஒருவருக்கு உறவு, ஊர், பாடசாலை என்று ஏதாவது முடிச்சு இருக்கும். கேட்க வேண்டியது அந்த முடிச்சு வெளியில் சொல்லப்படுகிறதா என்பதுதான். ஒழுங்கான நிதியத்தில் தெரிந்தவரின் விண்ணப்பம் வரும்போது அந்த உறுப்பினர் எழுந்து வெளியில் போவார், போனதாகக் கூட்டக் குறிப்பில் எழுதுவார்கள். முதல் வாசிப்பில் பெயரை மறைத்து இலக்கம் போடும் இடங்களும் உண்டு.

ஒழுங்கில்லாத இடமும் பார்த்திருக்கிறேன். நான் பல வருடத்துக்கு முன் ஒரு சங்கத்தில் உதவிப் பட்டியலைத் தட்டச்சு செய்து கொடுத்தேன். கூட்டம் முடிந்து வந்த பட்டியலில் கேட்டவர்களைவிட இரண்டு பெயர் கூட இருந்தது. இரண்டுக்கும் விண்ணப்பம் இல்லை. கேட்டபோது “அது தலைவருக்குத் தெரியும், தம்பி” என்றார்கள். அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை. உங்களுக்கு இப்படி ஏதாவது தெரிந்தால், வருடாந்தக் கணக்கறிக்கையைக் கேளுங்கள்.

கணக்கை நான் கேட்டுப் பார்க்க முடியுமா?

கேளுங்கள். முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எத்தனை பேருக்குக் கொடுத்தது, நிர்வாகச் செலவு எவ்வளவு என்ற நாலையும் சொல்லத் தயங்கும் நிதியத்துக்கு உங்கள் காசையும் கொடுக்காதீர்கள். நம்பிக்கைப் பொறுப்பாளர்கள் முதலைத் தின்றால் விஷயம் மாவட்ட நீதிமன்றம் வரை போகலாம். 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில்தான் இருக்கிறது.

போட்டோ எடுத்து முகநூலில் போடுவீர்களா?

மாட்டோம். இதைக் கேட்டுவிட்டு விண்ணப்பமே தராமல் போன ஒரு தாத்தாவால்தான் எழுத்திலேயே விதியாகப் போட்டோம். பெரிய அட்டைச் செக், நடுவில் குனிந்து நிற்கும் ஆள், இரு பக்கமும் வெள்ளை வேட்டி. அந்தப் படத்தை அவரின் பேரனின் வகுப்பிலுள்ள பிள்ளைகளும் பார்ப்பார்கள். நன்கொடையாளர்களுக்குப் படம் வேண்டுமென்றால் மெஷினைப் படமெடுத்து அனுப்பலாம்.

அஸ்வெசும எடுக்கிறேன். அதனால் இது கிடைக்காமல் போகுமா?

போகாது. அது மாதாந்த அரசாங்க உதவி, இது ஒரு குறிப்பிட்ட தேவைக்கு ஒரு தடவை தருவது. எடுப்பதை மறைக்க வேண்டாம். வேறு ஓர் இடத்தில் இதே தேவைக்குக் கேட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். இரண்டு நிதியங்கள் பேசிக்கொண்டு ஆளுக்குப் பாதி போட்ட சந்தர்ப்பங்கள் உண்டு. மறைத்தது பிறகு தெரியவந்தால்தான் பிரச்சினை.

இனம், சமயம் பார்ப்பீர்களா?

அது நிதியத்தை ஆரம்பித்தவர் பத்திரத்தில் என்ன எழுதினார் என்பதைப் பொறுத்தது. எங்களுடையதில் வசிக்கும் எல்லை மட்டும்தான் இருக்கிறது. கொழும்பு முஸ்லிம்களிடம் வக்பு என்ற பழைய, நன்றாகத் தேர்ந்த முறை இருக்கிறது. பள்ளிவாசல்களும் வக்புகளும் பற்றி 1956 இல் தனிச் சட்டமும் வந்தது. சொத்தைக் கட்டிவைத்து வருமானத்தைப் பகிர்வதில் வக்புக்கும் நந்தா விளக்கு ஆட்டுக்கும் அதிக தூரமில்லை. கட்டாய தர்மமான ஸகாத் வேறு, அது பகிர்ந்து முடிப்பது.

அம்மா பெயரில் ஒரு நிதி வைக்க விரும்புகிறேன். எப்படி?

சிறிய தொகையென்றால் தனியாக ஒரு ட்ரஸ்ட் தொடங்காதீர்கள். கணக்காய்வுச் செலவே வட்டியைத் தின்றுவிடும். ஏற்கனவே இருக்கும் நிதியத்துக்குள் அம்மாவின் பெயரில் ஒரு பகுதியாக வைக்கச் சொல்லுங்கள். காசு ஒன்றாகவே முதலீடாகும், பெயர் தனியாக நிற்கும். காணி, வீடு கொடுப்பதென்றால் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு உறுதி எழுத வேண்டும். மரண சாசனத்தில் எழுதுவதென்றால் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள். 1840 ஆம் ஆண்டுச் சட்டம் அது. புதுக்கடையில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கும் எந்த நொத்தாரிசும் மனப்பாடமாகச் சொல்வார்.

நோக்கத்தை மட்டும் ஒடுக்கி எழுதாதீர்கள். ‘தட்டச்சுப் படிக்கும் பெண் பிள்ளைக்கு’ என்று 1970 களில் வைத்திருந்தால் இன்று அந்தக் காசை யாருக்குக் கொடுப்பது? 1914 இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தில் பிரெடரிக் கோஃப் என்ற வங்கியாளர் முதலாவது சமூக நிதியத்தைத் தொடங்கியதே இந்தத் தலைவலிக்காகத்தான். செத்தவரின் கை, காலத்துக்கு ஒவ்வாத ஒரு நோக்கத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது, அந்தந்தக் காலத்துக் குழு மாற்றிக்கொள்ள வழி வேண்டும் என்றார். ‘முதலில் பெண் பிள்ளைகளின் தொழிற்பயிற்சிக்கு, அது இல்லாதபோது குழு பொருத்தமெனக் கருதும் கல்விக்கு’ என்று ஒரு வரி சேர்த்தால் அம்மாவின் பெயர் நூறு வருடம் வேலை செய்யும்.

இல்லை என்று பதில் வந்தால்?

காரணத்தைக் கேளுங்கள், சொல்ல வேண்டியது எங்கள் கடமை. பல தடவை காரணம் நீங்களல்ல, அந்த வருட நெய் தீர்ந்துவிட்டது என்பதுதான். அடுத்த சுற்றில் அதே ஃபைலைத் திரும்பத் தரலாம், கொட்டேஷனை மட்டும் புதுப்பியுங்கள்.

பதில் வர எவ்வளவு நாளாகும்? எப்போது வரலாம்?

குழு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கூடும். அவசர வைத்தியத் தேவைக்கு மூன்று பேர் ஃபோனில் பேசி ஒரு சிறிய தொகையை இடையில் விடுவிக்கலாம். விண்ணப்பத்தோடு அடையாள அட்டையின் இரண்டு பிரதிகள், வதிவிடத்துக்கான கடதாசிகள், கொட்டேஷன் அல்லது வைத்தியரின் கடிதம். மூலப் பத்திரங்களைத் தர வேண்டாம், காட்டிவிட்டுக் கொண்டுபோங்கள். சனிக்கிழமை ஒன்பது மணிக்குத் திறப்போம். அது போயா நாளாக இருந்தால் அடுத்த சனிக்கிழமைதான். வரும்போதே பிரதி எடுத்துக்கொண்டு வாருங்கள், எங்கள் போட்டோக்கொப்பி மெஷின் மூன்று மாதமாக வேலை செய்யவில்லை.